நஷ்டம் யார் கணக்கில்?



'கேன்டீன் வடை, கட் அடித்த சினிமா, இதெல்லாம் நிறைய வந்துவிட்டது. நீங்களாவது உருப்படியாக ஏதாவது எழுதுங்கள்' என்று மலர்க் குழுவினர் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே ஒரு வேலையின் வரலாற்றை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. கடைசி ஆண்டு படிக்கும் தம்பிகள் இப்போதெல்லாம் எங்களைப் போன்றவர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான்: "அண்ணா, ப்ராப் ட்ரேடிங் கம்பெனியில ட்ரெய்னியா எடுக்கறாங்களாம். சம்பளம் நல்லாத்தான் சொல்றாங்க. போகலாமா, வேணாமா?"

நான் பாய்லரும் பம்பும் பார்க்கிற ஆள். பங்குச் சந்தை நிபுணன் அல்ல. ஆனால் இந்த வேலை ஏதோ அமெரிக்காவிலிருந்து நேற்று வந்து இறங்கிய புதுச் சரக்கு என்று பசங்க நினைப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. இதன் முன்னூறு வருட சரித்திரத்தில் பாதி, பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை நாம் தினமும் பஸ்ஸில் போகும் வழியிலேயே கிடக்கிறது. சரித்திரம் 'போ', 'போகாதே' என்று சொல்லாது. என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுக்கும். அது போதாதா?

அது என்ன வேலை?

காசிமேட்டுக்கு விடியற்காலையில் போனால் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் ஏலம் விடுகிறார். அவருக்குக் கமிஷன். வஞ்சிரம் விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர் பங்கு அவருக்கு வந்துவிடும். இன்னொருவர் கையிலிருந்து பணத்தைப் போட்டு ஏலத்தில் எடுக்கிறார். பத்து மணிக்குள் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டால் லாபம். வெயில் ஏறி ஐஸ் கரைந்துவிட்டால் நஷ்டம் முழுக்க அவருடையது.

பங்குச் சந்தையிலும் அப்படித்தான். நமக்காக வாங்கி விற்றுத் தரகு எடுப்பவர் ப்ரோக்கர். வாடிக்கையாளர் யாரும் இல்லாமல், நிறுவனம் தன் சொந்த முதலைப் போட்டு, தன் லாபத்துக்காகவே வாங்கி விற்பதுதான் ப்ராப் ட்ரேடிங். சுத்தத் தமிழில் சொன்னால் சொந்தக் கணக்கு வியாபாரம். அதில் ட்ரெய்னி என்றால், சில மாதம் உதவித்தொகை கொடுத்துக் கற்றுத் தருவார்கள். பிறகு நிறுவனத்தின் பணத்தில் ஒரு சிறு தொகைக்கு வரம்பு போட்டு வியாபாரம் செய்ய விடுவார்கள். லாபம் வந்தால் அதில் ஒரு பங்கு. வராவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

கேட்பதற்கு நேர்மையான ஏற்பாடாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே வரும்? 'சொந்தக் கணக்கு' என்ற அந்த முதல் வார்த்தையில்தான் வரும்.

ஐந்து பவுண்டு ட்ரெய்னி

1744ஆம் ஆண்டு ஜூன் மாதம், பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் சென்னைக் கரையில் இறங்கினான். கிழக்கிந்தியக் கம்பெனியில் 'ரைட்டர்' உத்தியோகம். இன்றும் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் என்று ஒருவர் இருக்கிறாரே, அதே வார்த்தைதான். கணக்கு எழுதுவது, கடிதம் நகலெடுப்பது, கிடங்கில் சரக்கு எண்ணுவது, இவையே வேலை. சம்பளம் வருடத்துக்கு ஐந்து பவுண்டு. மாதத்துக்கு அல்ல ஐயா, வருடத்துக்கு! பையன் பெயர் ராபர்ட் கிளைவ்.

கப்பலில் வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகும். வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு செத்தவர்கள் ஏராளம். அப்படியிருந்தும் இந்த ஐந்து பவுண்டு வேலைக்கு லண்டனில் சிபாரிசு பிடித்து வந்தார்கள் என்றால், அவர்கள் சம்பளத்துக்கு வரவில்லை என்பது தெளிவு. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலான வியாபாரம் கம்பெனிக்கு மட்டுமே உரியது. ஆனால் ஆசியாவின் துறைமுகங்களுக்குள் நடக்கும் வியாபாரத்தைக் கம்பெனியின் ஊழியர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் செய்துகொள்ளலாம் என்று சலுகை இருந்தது. அதுதான் உண்மையான வருமானம்.

அந்த வியாபாரத்தின் முக்கியச் சரக்கு துணி. வண்ணாரப்பேட்டை என்ற பெயரே, அந்தத் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வந்தது. திருவொற்றியூர் போகும் வழியில் உள்ள காலடிப்பேட்டையில் யாருடைய காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலட்பேட்டை அது. நம்மவர் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது.

ஒரே ஆள் காலையில் கம்பெனிக்காகத் துணி வாங்குகிறான், மாலையில் தனக்காக வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சரக்கு யாருக்குப் போகும்? மட்டமான சரக்கு யார் கணக்கில் ஏறும்? 1687 முதல் 1692 வரை இங்கே கவர்னராக இருந்த எலிஹு யேல் சொந்த வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தார். புகார்கள் குவிந்து பதவி போனது. ஆனால் பணம் போகவில்லை. 1718ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் அனுப்பிய நன்கொடைக்காக அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். பிறகு 1786ல் கவர்னர் ஜெனரலாக வந்த கார்ன்வாலிஸ் காலத்தில்தான், வருவாய் நிர்வாகத்தில் இருப்பவர்கள் சொந்த வியாபாரம் செய்யக்கூடாது, அதற்குப் பதில் ஒழுங்கான சம்பளம் என்ற கட்டுப்பாடு வந்தது.

இந்த வேலையின் முதல் பாடம் இது. சம்பளம் மிகக் குறைவாகவும், 'மேல் வருமானம்' மிக அதிகமாகவும் இருந்தால், அந்த மேல் வருமானம் யார் பையிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

1906, அக்டோபர் 22

பாரி, பின்னி, அர்பத்நாட். நூறு வருடத்துக்கு முன் சென்னை வியாபார உலகத்தில் மும்மூர்த்திகள் இவர்கள்தான். பாரி பெயர் பாரிமுனையில் நிற்கிறது. பின்னி பெயர் பெரம்பூர் ஆலையால் நிலைத்தது. மூன்றாவது பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அர்பத்நாட் கம்பெனி ஏற்றுமதி இறக்குமதி செய்தது. கூடவே மக்களிடம் டெபாசிட்டும் வாங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனி, தலைவர் 'சர்' பட்டம் பெற்ற ஜார்ஜ் அர்பத்நாட், கடற்கரையில் பெரிய கட்டடம். இதைவிட என்ன நம்பிக்கை வேண்டும்? ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்கள், விதவைகள், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்கள் என ஆயிரக்கணக்கானோர் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

கம்பெனியின் கூட்டாளி பாட்ரிக் மக்ஃபாதியன் லண்டனில் இருந்தார். அவர் அங்கே ஊக வணிகத்தில் இறங்கியிருந்தார். ஆதாயம் வந்தால் கூட்டாளிகளுக்கு. போட்ட பணமோ மயிலாப்பூர்த் திண்ணையிலும் தஞ்சாவூர்க் களத்துமேட்டிலும் சேர்ந்த பணம். நஷ்டம் கைமீறிப் போனபோது மக்ஃபாதியன் லண்டனில் ரயில் முன் விழுந்து இறந்தார். செய்தி வந்த கையோடு, 1906 அக்டோபர் 22 திங்கட்கிழமை, சென்னையில் அர்பத்நாட் கதவு மூடப்பட்டது. வழக்கு நடந்து, அடுத்த ஆண்டு சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிரபுவுக்கு இது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் அவர் ஜெயிலுக்குப் போனதால் டெபாசிட்காரர்களின் பணம் திரும்பிவிடுமா?

ஒரு நல்லதும் நடந்தது. பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர்களே ஒரு வங்கி நடத்த வேண்டும் என்று கிளம்பினார். நகரத்தார் சமூகத்தின் பெரிய தனவந்தர்கள் கை கொடுத்தார்கள். 1907 மார்ச் 5ல் பதிவாகி, ஆகஸ்ட் 15ல் பாரி கட்டடத்தில் இந்தியன் வங்கி தொழில் தொடங்கியது. ஒரு கம்பெனியின் சூதாட்டத்திலிருந்து பிறந்த வங்கி என்றால் மிகையாகாது.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஊக வணிகம் மட்டுமே பாவம் அல்ல. காசிமேட்டில் மீன் எடுப்பவரும் ஊகம்தான் செய்கிறார். ஆனால் அவர் தோற்றால் அவர் தோற்கிறார். அர்பத்நாட்டில் ஆடியவர் ஒருவர், தோற்றவர் வேறொருவர். பேரேட்டில் 'இது என் பணம், இது ஊரார் பணம்' என்று ஒரு கோடு கிழித்திருந்தால் போதும், பாதி அழிவு தடுக்கப்பட்டிருக்கும்.

பெட்டியடிப் பையன்

அந்தக் கோட்டைக் கிழிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடமே இருந்தார்கள். இந்தியன் வங்கிக்குக் கை கொடுத்த அதே நகரத்தார்தான். இன்றைய ப்ராப் கம்பெனிகளின் பயிற்சி முறையைப் பெருமையாகச் சொல்கிறார்களே, செட்டிநாட்டில் அது எப்போதோ நடந்துவிட்டது.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனை வட்டிக்கடையில் சேர்ப்பார்கள். பெட்டியடிப் பையன் என்று பெயர். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுபிடி வேலை செய்து, மனக்கணக்கும் வட்டிக் கணக்கும் பழக வேண்டும். தேறினால் அடுத்தாள். இன்னும் தேறினால் ஏஜெண்ட். ரங்கூனுக்கோ பினாங்குக்கோ மூன்று வருட ஒப்பந்தத்தில் கப்பல் ஏறுவான். சம்பளமும் உண்டு, கணக்கு முடிக்கும்போது லாபத்தில் பங்கும் உண்டு. இன்றைய ஒப்பந்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகம் இல்லை, பார்த்தீர்களா?

கப்பல் கிளம்பிய இடங்களில் ஒன்று நம் சென்னைத் துறைமுகம். 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார்கள் போட்டிருந்த மொத்தப் பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அன்றைய பர்மா வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி சொந்த முதல். முதலாளி வீட்டுப் பணமும், கொடுக்கல் வாங்கலும், கோயில் மகமையும் பேரேட்டில் தனித்தனிப் பற்று வரவு. வட்டி விகிதத்தைக்கூட ரங்கூன் கோயிலில் கூடிப் பேசித்தான் முடிவு செய்தார்கள்.

இவ்வளவு ஒழுங்கு இருந்தும் என்ன ஆயிற்று? 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் திருப்ப முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938ல் அது இருபத்தைந்து பங்காக ஏறிவிட்டது. கணக்குப்படி எல்லாம் சரி. சட்டப்படியும் சரி. ஆனால் நிலம் இழந்தவன் சும்மா இருப்பானா? கோபம் வளர்ந்தது. 1942ல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே ஓடிவந்தார்கள். சுதந்திர பர்மா நிலங்களை எடுத்துக்கொண்டது. 1964ல் கடைகளும் தேசியமயமாகி, மிச்சம் இருந்தவர்களும் கிளம்பினார்கள். பெட்டியோடு வந்தவர்களும் உண்டு, கட்டிய துணியோடு வந்தவர்களும் உண்டு.

அவர்களில் பலருக்குப் பிழைப்புத் தந்த இடம்தான் கடற்கரைச் சாலையின் பர்மா பஜார். செகண்ட் லைன் பீச்சில் நின்றுகொண்டு நாம் அத்தோ சாப்பிடுகிறோமே, அந்தத் தட்டில் இந்தச் சரித்திரமும் இருக்கிறது. இழந்தவர்களில் பெரும்பாலோர் வட்டிக்கடைக்காரர்களே அல்ல. மூட்டை தூக்கியவர்கள், கடை வைத்தவர்கள், வயலில் வேலை செய்தவர்கள்.

இரண்டாவது பாடம் இதுதான். சொந்த முதலாகவே இருந்தாலும், கணக்கு சுத்தமாகவே இருந்தாலும், எதிர்முனையில் இருப்பவன் தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தால் அந்த வியாபாரம் ரொம்ப நாள் நிலைக்காது.

செகண்ட் லைன் பீச்சின் கூச்சல்

அத்தோ கடைகள் இருக்கும் அதே செகண்ட் லைன் பீச்சில்தான் சென்னைப் பங்குச் சந்தையும் இருந்தது. 1920ல் சுமார் நூறு உறுப்பினர்களோடு அமர்க்களமாகத் தொடங்கினார்கள். 1923ல் மிஞ்சியவர்கள் மூன்றே பேர்! கடையைக் கட்டிவிட்டு, 1937ல் மறுபடி ஆரம்பித்தார்கள்.

கணினி வருவதற்கு முன் நம் நாட்டுப் பங்குச் சந்தைகளின் தளத்தில் ஜாபர் என்று ஒரு வகையினர் இருந்தார்கள். ஒரு பங்கை 'இந்த விலைக்கு வாங்குவேன், இந்த விலைக்கு விற்பேன்' என்று இரண்டு பக்கமும் கூவுவார்கள். நடுவில் இருக்கும் நாலணா எட்டணாதான் பிழைப்பு. வாங்க ஆள் இல்லாத நேரத்திலும் அவர் வாங்குவதால், அவசரத்துக்கு விற்க வந்தவனுக்குப் பணம் கிடைத்தது. சொந்தக் கணக்கு வியாபாரத்தின் நியாயமான முகம் இது. மறுப்பதற்கில்லை.

1994ல் தேசியப் பங்குச் சந்தை திரை வழி வியாபாரத்தைத் தொடங்கியது. சில வருடத்தில் ஊர் ஊருக்கு இருந்த சந்தைத் தளங்கள் காலியாயின. சென்னைச் சந்தை 2015 மே மாதம் அதிகாரபூர்வமாக விடைபெற்றது. கூச்சல் போட்ட ஜாபரின் இடத்தில் இன்று சர்வர்கள். சந்தையின் கட்டடத்திலேயே வாடகைக்கு இடம் பிடித்து, மைக்ரோ செகண்டில் ஆர்டர் போடுகிற இயந்திரங்கள். அதனால்தான் இந்தக் கம்பெனிகள் எம்.பி.ஏ. படித்தவர்களைவிட நம் பொறியியல், கணிதப் பசங்களைத் தேடி வருகின்றன.

வால்வும் கையெழுத்தும்

இந்த மலரில் பொறியியல்காரர்கள் நிறையப் பேர் படிப்பீர்கள் என்பதால் ஒரு உதாரணம். ஆலையில் வால்வைத் திறப்பவரும், 'சரியாகத் திறந்தது' என்று பர்மிட்டில் கையெழுத்துப் போடுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மணலியிலோ எண்ணூரிலோ ஷிஃப்ட் பார்த்த எந்தத் தொழிலாளியும் சொல்லுவார்.

1762ல் தொடங்கிய லண்டன் பேரிங்ஸ் வங்கிக்கு இது தெரியாமல் போயிற்று. அதன் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்ற இளைஞர் ஜப்பான் பங்குக் குறியீட்டில் வியாபாரம் செய்தார். வியாபாரத்தையும் அவரே பார்த்தார், அந்த வியாபாரத்தைச் சரிபார்த்துக் கணக்கு முடிக்கும் பிரிவையும் அவரே பார்த்தார். நஷ்டங்களை 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் ஒளித்துவைத்தார். 1995 ஜனவரி 17ல் கோபே பூகம்பம். ஜப்பான் சந்தை விழுந்தது. அவர் மேலும் மேலும் போட்டார். பிப்ரவரி இறுதியில் கணக்குப் பார்த்தால் நஷ்டம் 82 கோடியே 70 லட்சம் பவுண்டு. இருநூற்று முப்பது வருடத்துக்கு மேல் நின்ற வங்கி ஒரே ஒரு பவுண்டுக்கு விலைபோனது. லீசனுக்கு அப்போது வயது 28. சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறரை வருடச் சிறைத் தண்டனை விதித்தது.

தம்பிகளே, ட்ரெய்னியாகச் சேருபவருக்கும் அந்த வயதுதான் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இன்றைய கோடு

நம் நாட்டில் இப்போது அந்தக் கோட்டைச் சட்டமே கிழித்திருக்கிறது. வாடிக்கையாளர் பணத்தையும் ப்ரோக்கரின் சொந்தப் பணத்தையும் தனித்தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று 1993லேயே செபி உத்தரவிட்டது. டெர்மினலில் போடும் ஒவ்வொரு ஆர்டரிலும் இது வாடிக்கையாளருடையதா, சொந்தக் கணக்கா என்று ஒரு குறி போட்டாக வேண்டும். சின்னக் குறிதான். அர்பத்நாட் பேரேட்டில் இல்லாமல் போன குறி அதுதான்!

அப்படியும் மீறல்கள் நடக்காமல் இல்லை. வாடிக்கையாளரின் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியதாகக் கூறி, 2019 நவம்பரில் கார்வி என்ற பெரிய ப்ரோக்கர் நிறுவனம் புது வாடிக்கையாளர்களைச் சேர்க்கக்கூடாது என்று செபி தடை போட்டது. 2025 ஜூலையில், அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் என்ற சொந்தக் கணக்கு நிறுவனம், வங்கிப் பங்குக் குறியீட்டைச் செயற்கையாக ஏற்றி இறக்கியதாகக் குற்றம்சாட்டி, 4,843 கோடி ரூபாயை முடக்கும்படி செபி இடைக்கால உத்தரவு போட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. யார் சொல்வது சரி என்பது நம் வேலை அல்ல. ஆனால் லாபம் இவ்வளவு என்றால் எதிர்முனையில் யார் என்ற கேள்வி வருகிறதே!

அதற்கும் செபி 2024 செப்டம்பரில் ஒரு கணக்குக் கொடுத்தது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில், ஃப்யூச்சர் ஆப்ஷன் வியாபாரம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2023-24ல் மட்டும் சொந்தக் கணக்கு நிறுவனங்கள் செலவு கழிக்கும் முன் ஈட்டிய லாபம் சுமார் 33,000 கோடி. அதில் 96 சதவீதம் கணினி நிரல்கள் வழியே வந்தது. அந்த ஆண்டு விளையாடிய தனிநபர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்குக் கீழ். முக்கால்வாசிப் பேருக்கு மேல், வருட வருமானம் ஐந்து லட்சத்துக்குக் குறைவு என்று சொன்னவர்கள்.

அது யார் தெரிகிறதா? ஷிஃப்ட் முடிந்து திருவொற்றியூர் டீக்கடையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறானே, நம்ம பக்கத்து வீட்டுப் பையன், அவன்தான். சர்வர் பக்கம் உட்கார்ந்து நிரல் எழுதப்போகிறவனும் நம்ம பையன். ஒரே தெருவின் இரண்டு பையன்கள் ஒரே ஆர்டரின் இரண்டு முனைகளில்.

அப்படியானால் ஃபாக்டரி வேலையே மேலா?

அப்படியும் நான் சொல்ல மாட்டேன். 'நிரந்தர உத்தியோகம்' என்று நம் அப்பாக்கள் சொன்னார்களே, அதன் சரித்திரமும் இதே வழியில்தான் இருக்கிறது. 1906ல் அர்பத்நாட்டோடு சேர்ந்து ஆட்டம் கண்டு, கைமாறிப் பிழைத்தது பின்னி. அதன் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையில் தாத்தா, அப்பா, மகன் என மூன்று தலைமுறை சங்கு சத்தத்துக்கு எழுந்தது. 1996ல் சங்கு நின்றது. 1970ல் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்த எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச் 31ல் மூடப்பட்டது. அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்தவர்கள் யாரும் சூதாடப் போகவில்லை. ஆனாலும் ஒரு பந்தயம் கட்டித்தான் இருந்தார்கள், தெரியாமலே. ஆலை நம் ஆயுசுக்கும் ஓடும் என்ற பந்தயம்.

ஒரு வித்தியாசம் உண்டு. ஆலையில் தோற்க இருபது முப்பது வருடம் ஆகும். அதற்குள் வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்துவிடலாம். சந்தையில் தோற்க ஒரு பிற்பகல் போதும். அதே சமயம், ஆலையில் கற்ற வேலை அடுத்த ஆலையில் சோறு போடும். ட்ரேடிங்கில் கற்ற நிகழ்தகவும் நிரல் எழுதும் திறமையும் அதேபோல் வேறு இடத்திலும் சோறு போடும். 'எங்க சிஸ்டத்தை மட்டும் பழகு' என்று சொல்லும் இடத்தில் கற்றது எங்கேயும் உதவாது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இவ்வளவு கதையும் சொன்னதற்குக் காரணம், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லத்தான்.

முதல் கேள்வி: ஆடப்போவது யாருடைய பணம்? கம்பெனியின் சொந்த முதல் என்றால் சரி. 'பத்து பேரிடம் வாங்கி வைத்திருக்கிறோம்' என்றால் அது அர்பத்நாட் கதை.

இரண்டாவது: நஷ்டம் வந்தால் யார் கணக்கில் ஏறும்? ட்ரெய்னியிடமே டெபாசிட் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 'பரீட்சைக் கட்டணம் கட்டு, தேறினால் எங்கள் பணத்தில் ட்ரேட் பண்ணலாம்' என்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே வியாபாரமே உங்கள் கட்டணம்தான். வேலைக்குச் சேரும்போது முதலாளிக்குப் பணம் கொடுப்பது எந்த ஊர் வழக்கம்? ஐந்து பவுண்டானாலும் கிளைவுக்குக் கம்பெனிதான் கொடுத்தது!

மூன்றாவது: ஆர்டர் போடுபவரும் கணக்குச் சரிபார்ப்பவரும் வேறு வேறு ஆளா? ஒரே ஆள் என்றால், எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

நான்காவது கேள்வியைக் கம்பெனியிடம் கேட்க முடியாது, நம்மையேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். எதிர்முனையில் தோற்பவன் யார்? நான் அவனுக்கு ஜாபரைப் போல ஒரு விலை கொடுத்து உதவுகிறேனா, அல்லது அவன் அறியாமையில் மட்டுமே பிழைக்கிறேனா? இதற்கு ஒவ்வொருவர் பதிலும் வேறாக இருக்கும். பதில் தெரிந்துகொண்டு போனால் போதும்.

முதல் மூன்று கேள்விக்கும் தெளிவான பதில் எழுத்தில் கிடைத்தால், தாராளமாகப் போய் இரண்டு வருடம் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி, தங்கைகளே. நம் வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று எவன் சொன்னான்? பெற்றோரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். 'ஷேர் மார்க்கெட்டா!' என்று அவர்கள் பதறினால் அதற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையில் மற்றவர் ஆட்டத்துக்கு நஷ்டக் கணக்கு எழுதியவர்கள் பெரும்பாலும் அவர்களைப் போன்றவர்கள்தான்.

திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. கப்பல் வியாபாரம் செய்து குவித்த செல்வத்தையெல்லாம் உதறிவிட்டு வந்தவர் என்பார்கள். அவரைப் போல் எல்லாவற்றையும் துறக்கச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, இ.எம்.ஐ. கட்ட வேண்டியிருக்கிறது! ஆனால் லாபம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் நஷ்டம் யார் கணக்கில் என்று கேட்கிற பழக்கத்தையாவது இந்தக் கரையிலிருந்து எடுத்துப் போவோம்.

சந்திப்பு விழா சிறக்க வாழ்த்துகள். வளர்க நம் கல்லூரி!